நெவிலின் கோழிகளும் மேவிஸின் கேக்கும்

கண்காட்சி முடியும்வரை மேவிஸிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று நெவில் முடிவு செய்தார். முடிவு செய்தது கோழிக்கூண்டுக்குள் குந்தியபடி. எதிரே டச்சஸ் தும்மிக்கொண்டிருந்தாள்.

டச்சஸ் புதுக்கோழி. சந்தையில் அவளைப் பார்த்ததுமே நெவிலுக்குப் பிடித்துவிட்டது. பழுப்பு உடம்பு, ராணியம்மா நடை. வாங்கி வந்த அன்றே மேவிஸ் சொன்னாள்:

"கொஞ்ச நாளைக்குத் தனியா ஷெட்ல வை. எந்த வீட்டுச் சீக்கைக் கொண்டு வந்திருக்கோ."

"சரி, சரி."

"சரின்னு சொல்லிட்டு உள்ள விட்டுடாத."

"நான் அப்படிச் செய்வேனா?"

அன்று சாயங்காலமே உள்ளே விட்டார். தனியாக இருந்தால் ஏங்கிப் போய்விடும் என்று பட்டது. டச்சஸ் ஏங்கவில்லை. தும்மினாள். அடுத்து பழைய கோழி செம்பட்டைக்காரி தும்மினாள். பிறகு மொத்தக் கூண்டும் தேவாலயத்தில் சளி பிடித்த கூட்டம் மாதிரி முறை வைத்துத் தும்மியது. கண்ணோரம் நுரை. செட்டை தொங்கல்.

வேறு சமயமாக இருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு தூங்கப் போயிருப்பார். இப்போது ஊர்க் கண்காட்சி நெருங்கிவிட்டது. கரம்பூல் கண்காட்சியில் மேவிஸின் ஸ்பாஞ்ச் கேக்குக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைப்பது வழக்கம். அந்த ரிப்பனில் பாதி தன்னுடையது என்பது நெவிலின் கருத்து. கிளப்பில் பீர் கோப்பையை வைத்துக்கொண்டு சொல்லுவார்: "கேக்கை யார் வேணாலும் அடிச்சிடலாம்ப்பா. முட்டைதான் விஷயம். என் கோழிங்க மஞ்சக்கரு இருக்கே, சூரியன் மாதிரி."

அந்தச் சூரியன்கள் இப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தன.

குளியலறை அலமாரியில் அவர் பல்வலிக்கு வாங்கிய மாத்திரைகள் மிச்சம் இருந்தன. வலி நின்றதும் நிறுத்திவிட்டவை. அப்போதே மேவிஸ் கத்தினாள், முழுசாகச் சாப்பிட்டு முடி என்று. முடிக்காமல் விட்டது எவ்வளவு தொலைநோக்கு என்று நெவில் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டார். மாத்திரை உறையைப் பிரித்து, உள்ளிருந்த பொடியைத் தயிரில் கலந்து, ரொட்டியைப் பிசைந்து வைத்தார்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"நெவ், என்ன அது தட்டுல?"

"தயிர்."

"கோழிக்கா?"

"வயித்துக்கு நல்லதாம்."

"என் வயித்துக்கு நல்லதுன்னு நேத்து வாங்கின தயிர் அது."

"உனக்கு வேற வாங்கிட்டு வரேன் கண்ணு."

ஜன்னல் மூடியது. வழக்கமில்லாமல் கண்ணு என்று கூப்பிட்டிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

சில நாளில் தும்மல் குறைந்தது. டச்சஸ் மறுபடி ராணி நடை நடந்தாள். நெவில் டாக்டர் நடை நடந்தார். அந்த நடையோடு காலை உணவுக்கு வந்து உட்கார்ந்தபோது மேவிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி சொன்னாள்:

"இந்த வருஷம் கேக்குக்கு நடுவர் பெரில் ட்ராஸ்க்காம்."

"எந்த பெரில்?"

"ஊருக்கு எத்தனை பெரில்? பெனிசிலின் ஊசி போட்டு முகம் பூசணிக்காயா வீங்கி, ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போனாங்களே, அவதான். அது வாடை பட்டாலே அவளுக்கு ஆகாது."

நெவிலின் கரண்டி பாதி வழியில் நின்றது. பல்வலி மாத்திரை டப்பாவிலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

"நெவ், பல்வலி திரும்ப வந்துடுச்சா?"

"இல்ல. சும்மா யோசிச்சேன்."

"அதான் முகம் அப்படிப் போச்சா."

ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டார். குரலைத் தடிமனாக்கிக்கொண்டார்.

"என் நண்பன் ஒருத்தன். கோழிக்குத் தன்னோட பல்வலி மாத்திரையைக் கொடுத்துட்டான். அந்த முட்டையைச் சாப்பிடலாமா?"

வரவேற்பில் இருந்த டெஸ் என்ற பெண் பெருமூச்சு விட்டாள். "சாப்பிடக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது. மருந்து முட்டையில இறங்கியிருக்கும்."

"கேக்குல போட்டு வேகவச்சா?"

"வேகவச்சாலும்தான். எந்த மருந்து, எவ்வளவு, எதுவும் தெரியாம, எத்தனை நாள் கழிச்சுச் சாப்பிடலாம்னு எங்களால சொல்ல முடியாது. கோழியைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க உங்க நண்பரை."

"சொல்றேன்."

"மேவிஸைக் கேட்டேன்னு சொல்லுங்க, நெவில்."

அவர் போனைச் சட்டென்று அணைத்தார்.

சமையலறைக் கூடையில் ஏற்கெனவே அந்த முட்டைகள் நிறைய இருந்தன. உள்ளூரில் முட்டை வாங்கினால், கோழி வளர்க்கிற நெவில் முட்டை வாங்குகிறான் என்ற செய்தி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும். பக்கத்து ஊர் வரை வண்டியை ஓட்டிப் போய் வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு முட்டையிலும் பண்ணையின் முத்திரை. நீல மையில், பளிச்சென்று.

ஷெட்டில் உட்கார்ந்து, வினிகரில் துணியை நனைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தார். தேய்த்தபின் முட்டைகள் மேசைப் பீங்கான் மாதிரி மின்னின. அவருடைய கோழிகள் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. கூண்டிலிருந்து கொஞ்சம் எச்சம் எடுத்து இங்கே ஒரு தீற்று, அங்கே ஒரு தீற்று. ஒன்றில் ஒரு சின்ன இறகை ஒட்டினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். அழகாக இருந்தது. மேவிஸ் டென்னிஸுக்குப் போன நேரம் பார்த்துக் கூடையை மாற்றி, பழைய முட்டைகளை எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார்.

மேவிஸ் வந்ததும் கூடையருகே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்னவோ வினிகர் வாடை."

"அப்படியா?"

"கோழிங்களுக்குத் தயிர் அலுத்துப் போச்சா? ஊறுகாய் ஏதாவது போட்டியா?"

"போ மேவ், உனக்கு எல்லாம் கேலி."

அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று நெவில் நிம்மதியாகத் தூங்கினார்.

கண்காட்சி அன்று எழுந்தபோது வீடு காலி. கேக்கோடு அவள் கிளம்பிவிட்டிருந்தாள். அடுப்பங்கரையில் வெண்ணிலா மணம். நெவில் சிரித்தபடி கூடையைப் பார்த்தார்.

கூடை நிறைந்திருந்தது. இறகு ஒட்டின முட்டை மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்படியானால் கேக்கில் போன முட்டை எது? விடியலில் அவளே கூண்டுக்குப் போய்ச் சூடு ஆறாத முட்டைகளை எடுத்திருக்கிறாள். மருந்து முட்டைகள். அவளுக்குப் போன் செய்தார். போன் கூடைக்குப் பக்கத்தில் மணியடித்தது.

இரவு உடையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கண்காட்சிக் கொட்டகை வாசலில் ஒரு பெண் கையை நீட்டினாள். "நடுவர் உள்ள இருக்காங்க. யாரும் போகக்கூடாது." அவர் அந்தக் கைக்கு அடியில் குனிந்து ஓடினார்.

நீள மேசை. வரிசையாக ஸ்பாஞ்ச் கேக்குகள். கத்தியோடு பெரில் ட்ராஸ்க்.

"பெரில்! வாயில வைக்காத! பெனிசிலின்!"

பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து பெண்கள் வந்து வாசலில் குவிந்தார்கள். நெவில் மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் கொட்டினார். தும்மல், தயிர், பல்வலி மாத்திரை, முட்டை.

"எங்க வீட்டுக் கேக்கை மட்டும் தொடாத. எதுன்னு காட்டிடறேன்."

"காட்டினா அதைப் போட்டியிலேர்ந்து எடுத்துடணும்" என்றார் பெரில். "யாரோடதுன்னு நடுவருக்குத் தெரியவே கூடாது. யோசிச்சுக்கோ."

நீல ரிப்பன் அவர் கண்முன் ஒருமுறை ஆடியது. மேவிஸின் முகமும். பிறகு பெரில் பூசணிக்காயாக வீங்குவது தெரிந்தது.

"உசிரு முக்கியம். காட்டறேன்" என்று விரலை நீட்டினார்.

விரல் முதல் கேக்குக்குப் போனது. அடுத்ததற்குப் போனது. திரும்பி வந்தது. எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். கல்யாணமான நாளிலிருந்து தின்றுவரும் கேக் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. விரல் காற்றிலேயே நின்றது.

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நல்லவேளை. விதி மீறல அப்ப" என்றார் பெரில். "நான் எல்லாத்தையும் ருசி பார்த்து முடிச்சாச்சு நெவில்."

நெவில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் உப்பலாகத்தான் இருந்தது. ஆனால் அது எப்போதுமே அப்படித்தான்.

"ஒண்ணும் பண்ணலையா?"

"என்ன பண்ணும்? ஸ்பாஞ்சுக்கு யாராவது கோழி முட்டை போடுவாங்களா?"

"பின்ன?"

"வாத்து முட்டை!" என்றது வாசல், ஒரே குரலில்.

நெவில் திரும்பினார். கூட்டத்தின் நடுவில் பாத்திரம் துடைக்கும் துணியோடு மேவிஸ்.

"டென்னிஸுக்கு வருவாளே ஐலா, அவ வீட்டு வாத்து" என்றாள். "எப்பவும் அதுதான்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே!"

"நீ எப்பக் கேட்ட? கிளப்புல நீ மஞ்சக்கருவைப் பத்தி அவ்வளவு பேசுற. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நெவில் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். பெரில் உயிரோடு இருந்தார். அவர் எவ்வளவு அழகான பெண்மணி என்று அப்போதுதான் தெரிந்தது. நீல ரிப்பனை எந்தக் கேக்கின் மேல் வைத்தார்கள் என்று நெவில் கவனிக்கக்கூட இல்லை. அந்த ரிப்பனைக் கையில் பிடித்தபடி மேவிஸ் வண்டியில் ஏறினாள்.

"போனாப் போகுது" என்றார் நெவில், பாதி வழியில். "கோழிங்களைக் காப்பாத்தினது நான்தான். ஒத்துக்கோ."

"டெஸ் அன்னைக்கே போன் பண்ணிட்டா. நீ ஊர்விட்டு ஊர் முட்டை வாங்கப் போனியே, அப்ப டச்சஸைத் துணிக்கூடைல தூக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன். சரியான மருந்து குடிதண்ணில போயிட்டிருக்கு. முட்டையெல்லாம் எப்ப சாப்பிடலாம்னு அவரே சொல்வாரு."

"தும்மல் அதுக்கு முன்னாடியே குறைஞ்சுதே!"

"குறைஞ்சுது. அரைகுறையா. உன் பல்வலி மாதிரி."

நெவில் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பதில் ஒரு சுகம் இருந்தது.

மறுநாள் காலை அவர் முன்னால் இரண்டு அவித்த முட்டைகள் வந்தன. ஒன்றின் ஓட்டில் சரியாகத் தேயாத நீல எழுத்து ஒன்று தெரிந்தது.

"எந்தக் கோழி போட்டது இது?" என்றாள் மேவிஸ். "படிச்ச கோழி போல."

"இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கு?"

"கூடை நிறைய. நீதான் தீர்க்கணும்."

நெவில் தலையைக் குனிந்து ஓட்டைத் தட்டினார். உப்பு வேண்டும் என்றார்.

மேவிஸ் வினிகர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.