அரையால் வகுத்த அக்காவின் பங்கு

வவாவுத் தீவு
சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய அக்கா லோசலினி அவர்களுக்கு, தம்பி செமிசி தலை தாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ஆனாவும் உங்கள் மருமகள் லூபேயும் நலம். தலைநகர் நுகுஅலோஃபாவில் உங்கள் முழங்கால் வலி தணிய ஆண்டவரை வேண்டுகிறோம். அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து வாயாடுவது நம் முறையில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

லூபேயின் கல்யாண விருந்தில் யாருக்கு எத்தனை பன்றி என்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடத்தில் நான் அறிவிக்க வேண்டியிருந்தது. வழக்கப்படி உங்களுக்கு மூன்று, போதகர் கெபுவேலிக்கு இரண்டு. எனக்கு மனசு கேட்கவில்லை. பெண்ணுக்கு அத்தை என்றால் சபையில் எல்லாருக்கும் மேலே, அவருக்கு வெறும் மூன்றா? போதகருக்கோ சர்க்கரை வியாதி, ஒன்றே அதிகம். முந்தின நாள்தான், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் நம் லூபே கிழங்கு உரித்துக்கொண்டே, “அப்பா, அரையால வகுத்தா குறையாது, கூடும். அரையால பெருக்கினாத்தான் குறையும்” என்றாள். “போடி, வகுத்தா எங்கேயாவது கூடுமா?” என்றேன். மூன்று கிழங்கைப் பாதி பாதியாக நறுக்கி, “எண்ணிப் பாருங்க” என்றாள். எண்ணினேன், ஆறு. அதே நினைப்பில் மைக்கைப் பிடித்து, “என் அக்காவின் பங்கை அரையால் வகுக்கிறேன், போதகரின் பங்கை அரையால் பெருக்குகிறேன்” என்று சொல்லிவிட்டேன். படித்த மகளைப் பெற்றவன் என்று ஊருக்குத் தெரியட்டுமே என்ற கொழுப்பு, வேறென்ன. கூடத்தில் ஆளாளுக்கு விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள். போதகர் மட்டும் எழுந்து வந்து, “செமிசி, உன் மனசு யாருக்கு வரும்” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பின்வரிசைப் புண்ணியவதி யாரோ உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். நீங்களும் ஆனாவிடம், “எனக்குப் பாதியா? அப்ப அவன் மகளுக்குப் பாதி அத்தை போதும். நான் வரலை” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து லூபே சரியாகச் சாப்பிடவில்லை. “அத்தைக்குன்னு விரிக்கற பாயில அவங்க வந்து உக்காரலைன்னா இந்தக் கல்யாணமே வேணாம்ப்பா” என்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா வேறு, “உங்க வீட்ல அத்தையையும் வகுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அக்கா, நான் உங்களைக் குறைக்கலை, மூணை ஆறாக்கினேன். சத்தியமாச் சொல்றேன். அந்தப் புள்ளைக்காகவாவது செவ்வாய்க் கப்பல்ல ஏறி வந்துடுங்க.

உங்கள் வாழ்த்து எங்கள் வீட்டுக் கூரையைத் தாங்கட்டும் என்று வேண்டி, பணிவுடன்,
தம்பி செமிசி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆனா வந்து, “உங்க அக்காவுக்கு ஆறு, போதகருக்கு ஒண்ணு, ஆக ஏழு. பட்டியில அஞ்சுதானே நிக்குது?” என்றாள். பதறிப்போய் லூபேயைக் கேட்டேன். “அப்பா, அன்னிக்கு வந்தது ஆறு அரைக்கிழங்கு. சேர்த்து வெச்சா பழைய மூணுதான்” என்றாள். ஆகவே அக்கா, உங்களுக்கு அதே மூன்றுதான். நீங்கள் கோபித்ததற்கும் காரணமில்லை, நான் பெருமைப்பட்டதற்கும் காரணமில்லை. நிஜமாகவே குறைந்தது போதகருக்கு மட்டும். மிஞ்சின அந்த ஒரு பன்றியும் உங்களுக்கே. அவர் இன்னும் தினமும் எனக்காக ஜெபிக்கிறார், அதனால் வந்ததும் அவரிடம் கணக்கு மட்டும் பேசிவிடாதீர்கள்.