கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்

இதை நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பக்கத்து மேஜையிலிருந்து, நீண்ட மௌனங்களுக்கு நடுவே, துண்டு துண்டாகக் கேட்ட கதை. அந்த மௌனங்களில் சிலவற்றை நானே நிரப்பிக்கொண்டிருக்கலாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்தவன் நான் என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது என் பக்கத்து மேஜைக்காரராக இருப்பவர் வீட்டில், அன்று காலை ஒன்பது மணிக்கே லேப்டாப் இரைய ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க இது, கிளம்பிப் பறந்துடப் போகுதா?" என்றாள் அவர் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"பறந்தாக்கூடப் பரவாயில்ல. நாலு மணிக்குள்ள படம் போய்ச் சேரணும். இது போற போக்குக்கு ஆறாகும்."

"ஆறானா என்ன?"

"திங்கட்கிழமைல இருந்து மேலாளர் மூஞ்சிக்கு எதிர்ல உக்காரணும்."

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெளிவாக இல்லை. அவள் பிசியோதெரபிஸ்ட், ஒன்பதரைக்கு ஒரு முதுகு அவளுக்காகக் காத்திருந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அலுவலகத்தில் அவருக்கு 'ஜன்னல்' என்று பெயர். இன்னும் கட்டாத கட்டடங்களுக்குள் நாம் நடந்து போவது போலப் படம் செய்து கொடுப்பது அவர் வேலை. கட்டாத அறையின் இல்லாத ஜன்னல் வழியே வராத வெயில் எப்படி விழும் என்று இரண்டு நாள் யோசிப்பார். அலுவலகத்தில் அவருக்கு ஜன்னலே கிடையாது. எதிரில் மேலாளர்தான். அவரைப் பார்த்துக்கொண்டு வெயிலை யோசிப்பது கஷ்டம் என்று கெஞ்சி, ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தார். ஒரே நிபந்தனை: ஒரு வேலை தாமதமானாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

வீட்டில் அவர் மேஜை ஜன்னலோரம். காலையில் சுவரில் விழும் வெயில் மெல்ல இறங்கி, தரையில் ஊர்ந்து, சரியாக ஒரு மணிக்கு மேஜைக் காலைத் தொடும். அதைப் பார்ப்பதற்காகவே வீட்டிலிருந்தார் என்றும் சொல்லலாம்.

இந்த வேலைக்காகவே விளையாட்டுக்காரர்கள் வாங்கும் பெரிய லேப்டாப்பை வாங்கியிருந்தார். அதன் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதற்குக் கிளாக் என்று பெயர். அதைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். முந்தைய நாள் நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில் இப்படி இருந்தது: 'ஒரேயடியா ஏத்தாதே. கொஞ்சம் ஏத்து, சின்னத் துண்டு ஒண்ணை ஓடவிட்டு நேரம் பார். சூடு எண்பத்தஞ்சைத் தாண்டினா இறக்கு. வோல்டேஜில் கை வைக்காதே. சோதிக்கும்போது நெட் வேண்டாம். உறைஞ்சு போனா அடிமூடியைக் கழட்டி, சின்ன பேட்டரியை எடுத்துத் திரும்பப் போடு.'

ஜன்னல் முதல் வரியைப் படிக்காமல் ஒரேயடியாக ஏற்றினார். திரை கறுத்து உறைந்தது. பிறகு கடைசி வரியைப் படித்தார்.

மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துப் போட்டதும் லேப்டாப் உயிர் பெற்றது. ஆனால் அதற்குப் பழசெல்லாம் மறந்துவிட்டது. திரையின் மூலையில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி தெரிந்தது. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைச் சரிசெய்ய மனம் வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படியே விட்டுவிட்டார்.

பழைய ஜனவரியின் மணியை நம்ப முடியாமல், நேரம் பார்க்கப் போனைத் தேடினார். மேஜையில் இல்லை. அவர் போனும் மனைவி போனும் ஒரே மாதிரி. இரண்டையும் அவளே பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். மிச்சமிருந்தது ஹாலில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரம்தான்.

ஹாலில் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் சங்கு ஊதி ஓய்வு பெற்றவர். மேலேயிருந்து சொன்னால் ஊதுவார். ஏன் என்று கேட்டதில்லை. மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இந்த இரண்டு மாதத்தில் இரு ஆண்களும் பேசிக்கொண்டது மொத்தம் நாற்பது வார்த்தை இருக்கும். அதில் பாதி 'ம்'.

அன்றைக்கு அவரே வாயைத் திறந்தார். "என்ன மாப்பிள்ளை, மூடியெல்லாம் கழட்டறீங்க?"

"கிளாக்கை ஏத்தணும் மாமா."

"ஏத்தணுமா?"

"ஆமா. ஆனா கொஞ்சம் கொஞ்சமா. ஒரேயடியா ஏத்தினா வம்பு."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் ஏதாவது செய்யட்டுமா?"

"கூட இருங்க, அது போதும். ஏத்தும்போது சொல்றேன்."

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். அந்தக் குரலில் ஒரு புது மெருகு இருந்தது.

முதலில் எதையும் ஏற்றாமல் சின்னத் துண்டை ஓடவிட்டார். எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம்.

"மாமா, பத்து ஏத்தறேன்!" என்று அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஆகட்டும் மாப்பிள்ளை!"

ஹாலில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஜன்னல் திரையில் சூட்டைக் கவனித்தார். எழுபத்தெட்டு. நல்லது. வேலை முடிந்ததும் ஹாலுக்குப் போய்ப் பார்த்தார். இருபத்தெட்டு நிமிடம்.

அவருக்குப் புரியவில்லை. வேகத்தை ஏற்றினால் மெதுவாகிறது. தூசியாக இருக்கும் என்று விசிறியைத் துடைத்து, காற்றுப் போக லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு இரண்டு புத்தகம் முட்டுக் கொடுத்தார்.

"மாமா, இன்னும் பதினஞ்சு!"

"பதினஞ்சுதானே? போட்டாச்சு!"

முக்காலி இழுபட்டது. சூடு எழுபத்தேழு. நேரம் முப்பத்திரண்டு.

ஜன்னல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். குளிர்பெட்டியில் மனைவி நோயாளிகளுக்கு வைத்திருந்த நீலநிற ஒத்தடப் பைகள் ஞாபகம் வந்தன. இரண்டை எடுத்து, ஈரம் படாமல் துண்டில் சுற்றி, லேப்டாப்புக்குக் கீழே செருகினார்.

மாமனார் வாசலில் வந்து நின்று பார்த்தார். "எங்க அடிபட்டுச்சு?"

"அடியில்ல மாமா. சூடு."

"ஜுரமா?"

"அதுவும் இல்ல. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டுடுங்களேன். எத்தனை நிமிஷம் வைக்கணும்னு கணக்கு வெச்சிருப்பா."

"போனே அவகிட்டதான் இருக்கு. இருபது ஏத்தப் போறேன், பாத்துக்கங்க."

"நீங்க உள்ள பாருங்க. இங்க நான் இருக்கேன்" என்று மாமனார் திரும்பினார்.

நேரம் முப்பத்தாறு. சூடு அறுபத்தொன்பது. இவ்வளவு குளிர்ச்சியாக, இவ்வளவு மெதுவாக ஓர் இயந்திரம் ஓடி அவர் பார்த்ததில்லை. பழைய ஜனவரிக்குத் திரும்பிய இயந்திரத்துக்கு இங்கே வர இஷ்டமில்லையோ என்று தோன்றியது. அதைக் குறை சொல்ல அவரால் முடியவில்லை.

இனிச் சோதிக்க நேரமில்லை. முழுப் படத்தையும் ஓடவிட்டே ஆக வேண்டும்.

"மாமா, கடைசியா முப்பது ஏத்திடுவோமா? என்ன ஆனாலும் ஆகட்டும்."

"முப்பதா?" முக்காலி இழுபட்டது. "நீங்க சொன்னா சரி. ஏத்திடலாம்."

பிறகு இருவருக்கும் வேலை இல்லை. ஜன்னல் ஹாலுக்கு வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால். வெயில் மேஜைக் காலிலிருந்து வெகுதூரத்தில் கிடந்தது.

"மாமா, இன்னைக்கு வெயில்கூட மெதுவாப் போகுது."

"அப்படியா?"

"பசிக்கவும் இல்ல."

"எனக்கும் இல்ல" என்றார் மாமனார். "சில நாள் அப்படித்தான். ஆலையில சில நாள் எவ்வளவு ஊதினாலும் பொழுது நகராது."

அவர் சங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நீராவி ஏறும் சத்தம், கயிற்றை இழுக்கும்போது உள்ளங்கையில் வரும் நடுக்கம், தெருவில் ஒரே நேரத்தில் திறக்கும் நூறு கதவுகள். ஜன்னல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே லேப்டாப் முனகிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு அமைதியாக எதையும் அவர் தோற்றதில்லை.

படம் முடிந்தபோது கடிகாரத்தில் நாலு பத்து.

ஜன்னல் நெட்டை இணைத்தார். மூலையில் தேதி ஒரே துள்ளலில் பன்னிரண்டு வருடம் தாண்டி இன்றைக்கு வந்தது. மணி மட்டும் இரண்டு ஐம்பத்தைந்து என்று காட்டியது. 'தேதி தேறிடுச்சு, மணிதான் இன்னும் தெளியலை, பாவம்' என்று நினைத்துக்கொண்டார். படத்தை அனுப்பினார். கூடவே எழுதினார்:

'சொன்ன நேரத்துக்குத் தர முடியவில்லை. காரணம் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. நிபந்தனைப்படி திங்கட்கிழமை முதல் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறேன்.'

அனுப்பியதும் பாரம் இறங்கியது போல இருந்தது. ஐந்து நிமிடத்தில் மேலாளரிடமிருந்து பதில் வந்தது.

'படம் அருமை. ஒரு மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவிட்டுத் தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்கிறீர்களே, உங்கள் அடக்கம் யாருக்கு வரும்! உண்மையில் உங்கள் வீட்டு அனுமதியை ஒரு வருடத்துக்கு நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். நீங்களே வருகிறேன் என்றதும் கிழித்துவிட்டேன். மேஜையைத் துடைக்கச் சொல்லியாயிற்று.'

ஜன்னல் அதை மூன்று முறை படித்தார். பிறகு பார்வை தரைக்குப் போனது. வெயில் மேஜைக் காலைத் தாண்டி, மூன்று மணிக்கு எங்கே இருக்குமோ சரியாக அங்கே இருந்தது.

ஹாலில் முக்காலி இழுபட்டது. இந்த முறை எட்டிப் பார்த்தார். மாமனார் அதன் மேல் ஏறி நின்று, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குழந்தையைப் போலக் கையில் ஏந்தியிருந்தார்.

"வேலை முடிஞ்சிடுச்சு இல்ல மாப்பிள்ளை? பத்து, பதினஞ்சு, இருபது, முப்பது, நீங்க சொல்லச் சொல்ல முள்ளை ஒரு நிமிஷம் பிசகாம ஏத்தியிருக்கேன். இப்ப எழுபத்தஞ்சையும் ஒரேயடியா இறக்கலாமா, இல்ல அதையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணுமா?"

ஜன்னல் கடிகாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். அப்புறம், "ஊதிட்டீங்களே மாமா, எனக்குச் சங்கு" என்றார்.

மாமனார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஜன்னல் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்தார். இப்போது என் பக்கத்து மேஜை அவருடையது. எதிரில் ஒரு மனிதர் நாள் முழுக்கத் தன் நெற்றியையே வெயில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்ததில், மேலாளர் மூன்றே வாரத்தில் தன் மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். லேப்டாப் கிளாக்கில் ஏற்றிய அதே எழுபத்தைந்தோடு, சூடு ஏறாமல், வேகமாக ஓடுகிறது. ஒத்தடப் பைகளை மனைவி பூட்டி வைத்திருக்கிறாள். நான் யாருக்கும் எதையும் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதில்லை. மாமனார் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். மாலையில் இருவரும் ஹாலில் உட்கார்ந்து நிறையப் பேசுகிறார்கள். தினமும் காலையில் மாப்பிள்ளை கிளம்பும்போது, இன்றைக்கு ஏதாவது ஏற்ற வேண்டுமா என்று அவர் கேட்கிறார்.