லாம்புக் குழம்பு

வெளிச்சத்தைக் கண்டால் மீன் வரும். யார் சிரித்தாலும் இதை நான் சொல்வேன். அன்றைக்கு என் திட்டத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. குழப்பியதெல்லாம் மனிதர்கள்.

இரண்டாயிரங்களில் ஹம்பேர்க்கில் ஒரு கடுமையான பனிக்காலம். என்னோடு வேலை செய்த வெர்னருக்கு நகருக்கு வெளியே சொந்தக் குளம் ஒன்று இருந்தது. அது கல்லாக உறைந்து கிடந்தது. மீன்பிடிக்கும் பரீட்சை எழுதிப் பாஸாகியிருந்த எனக்கு (ஓம், இந்த நாட்டில் தூண்டில் போடவும் சோதனை எழுத வேண்டும்) அங்கே ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க அனுமதி தந்தார். சனிக்கிழமை தவறாமல் போனேன். ஒரு மீனும் அகப்படவில்லை.

“அண்ணை இவ்வளவு நாளும் பிடிச்சது தடிமனும் சளியும் மட்டும்தான்” என்று ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான் ரஞ்சன். என் சகலன், மனைவியின் தங்கையைக் கட்டி பிராங்பேர்ட்டில் இருப்பவன். மண்டபமே சிரித்தது. அதைப் பொறுத்திருப்பேன். என் மனைவியும் சிரித்தாள்.

“வாற சனிக்கிழமை குடும்பத்தோட வீட்டை வா. நான் பிடிச்ச மீனிலை குழம்பு தாறன்” என்றேன்.

மானம் இப்போது ஒரு மீனில் தொங்கியது.

அந்த வாரம் முழுவதும் வாசித்தேன். தண்ணீருக்குள் விளக்கை இறக்கினால் முதலில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வரும். அவற்றைத் தின்னச் சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு! வெர்னரிடம் கேட்டதற்கு, “என் குளம், என் மீன், செய்து பார்” என்றார்.

ஊறுகாய்ப் போத்தலுக்குள் டோர்ச் லைட்டும் பாரத்துக்குக் கல்லும் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி லாம்பு செய்தேன். ஒன்று போதும். ஆனால் தூண்டிலுக்கு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருப்பது என் மனதுக்கு ஒத்துவராது. ஆகவே இரண்டு செய்தேன். ஐஸில் ஒரே வரிசையில் மூன்று துளைகள்: நடுவில் தூண்டில், இரண்டு பக்கமும் லாம்பு. இரண்டும் ஒரே ஆழம், இரண்டும் ஒரே திசையைப் பார்த்தபடி. அளவு நாடா பிடித்துச் சரிபார்த்தேன்.

சனிக்கிழமை மாலை ஐந்துக்கே நன்றாக இருட்டிவிட்டது. லாம்புகளை இறக்கியதும் ஐஸ் இரண்டு இடத்தில் உள்ளிருந்து பால் போல ஒளிர்ந்தது.

“என்னண்ணை, மீனுக்குக் கலியாணமோ? சோடினை பலமாயிருக்கு” என்றான் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த ரஞ்சன், கையைப் பொக்கெற்றிலிருந்து எடுக்காமலே.

மனைவி போனில் வந்தாள். “இஞ்சேருங்கோ, புளியும் விட்டாச்சு, குழம்பு கொதிக்குது. மீன் எங்கை?”

“வந்துகொண்டிருக்கு” என்றேன்.

வந்தது இரண்டு சிறுவர்கள், சறுக்குவண்டியோடு. வெளிச்சத்தைப் பார்த்து வந்தார்களாம். அவர்களைத் தேடித் தாய்மார் வந்தார்கள். தாய்மாரின் பேச்சுச் சத்தத்துக்கு ஒரு கிழவர் நாயோடு வந்தார். சின்னது வந்தது, சின்னதைத் தேடிப் பெரியது வந்தது. நான் வாசித்த அதே ஒழுங்கு, ஐஸுக்கு மேலே! நாய் என் புழு டப்பாவைக் கவிழ்த்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்போதுதான் மீன் வந்தது. இங்கே பார்ஷ் என்று சொல்லும் வரிமீன். ஐந்தாறு சின்னது, பின்னால் முழங்கை நீளத்தில் ஒன்று. லாம்பைச் சுற்றி நின்றன. தூண்டில் மிதவை மெல்ல ஆடியது.

அந்த நேரத்தில் சைரன். நீல வெளிச்சத்தோடு தீயணைப்பு வண்டி கரையில் வந்து நின்றது. ஒருவர் நீள ஏணியை ஐஸில் கிடத்தி, அதன்மேல் வயிற்றால் ஊர்ந்து என்னிடம் வந்தார்.

“உள்ளே எத்தனை?” என்றார் மூச்சிரைக்க.

“ஐந்தாறு. ஒன்று நல்ல பெரிசு” என்றேன் பெருமையோடு.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கரையைப் பார்த்துக் கத்தினார். அங்கே ஒருவர் முக்குளிக்கும் உடுப்பைப் போடத் தொடங்கினார்.

வீதியால் போன யாரோ போன் செய்திருந்தார்களாம்: கார் ஒன்று ஐஸ் உடைந்து குளத்துக்குள் போய்விட்டது, ஹெட்லைட் இரண்டும் இன்னும் எரிகிறது! ஒற்றை லாம்பு வைத்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த தண்டனையைப் பாருங்கள்.

விஷயம் விளங்கியதும் அந்த மனிதர் ஏணியில் படுத்தபடியே கரைக்குக் கையசைத்து முக்குளிக்க வேண்டாம் என்று காட்டினார். பிறகு, “இவ்வளவு பேர் நிற்கக்கூடாது. எல்லோரும் ஐஸை விட்டு இறங்குங்கள்” என்றார்.

“ஐந்தே நிமிடம் தாருங்கள். மிதவை ஆடுகிறது, பாருங்கள்!”

“உடனே.”

லாம்புகளை நானே இழுத்து எடுத்தேன். பெரிய மீன் நிதானமாகத் திரும்பி இருட்டுக்குள் போயிற்று. நாய்க்காரக் கிழவர் எனக்குக் கைதட்டினார். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் மனைவி என் கைகளைப் பார்த்தாள். பிரிட்ஜைத் திறந்து முட்டைகளை எடுத்து அவித்துக் குழம்புக்குள் போட்டாள். ரஞ்சன் மூன்றுதரம் வாங்கிச் சாப்பிட்டான். “அக்கா, லாம்புக் குழம்பு அந்தமாதிரி!” என்றான். என் மனைவி மறுபடியும் சிரித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மீன் இல்லாத மீன்குழம்புக்கு அதுதான் பெயர். மியூனிக்கில் குடியிருக்கும் மகள் போனில், “அப்பா, இண்டைக்கு எங்கடை வீட்டிலை லாம்புக் குழம்பு” என்பாள், வேண்டுமென்றே.

“மீன் வந்தது, பிள்ளை” என்பேன் ஒவ்வொரு முறையும்.

“ஓம் அப்பா. தீயணைப்புக்காரரும்தான் வந்தவை.”