சம்பந்தி வந்து பார்த்தால்தான் கார்

பீர்க்கன்கரணை,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி அசரியா அவர்களின் சமுகத்துக்கு,

துரைராஜ் மிகுந்த தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் நலம். ‘நாங்கள் நலம்’ என்று எழுதித்தான் பழக்கம். இப்போதும் அப்படியே எழுதிவிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லையே என்று அடித்துத் திருத்தினேன். காகிதம் அசிங்கமாக இருப்பதற்கு மன்னிக்கவும். நாசரேத்தில் தாங்களும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனடாவில் தங்கள் வீட்டம்மாவும் என் ஹெப்சியும் சுகமாயிருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் இருவருமே போனில் பார்க்கிறோம். பேரன் பிறந்தபோது பெண்ணைப் பெற்றவள் என்ற முறையில் ஹெப்சி போனாள். அவளை மாற்றிவிடத் தங்கள் வீட்டம்மா போனார்கள். பேத்தி பிறந்ததும் ஒரு ஆளால் முடியாது என்று இரண்டு பேரும் சேர்ந்தே விமானம் ஏறிவிட்டார்கள். பிள்ளை வளர்க்க இரண்டு அம்மாக்கள் வேண்டியிருக்கிறது. அப்பாக்கள் எதற்கும் வேண்டியிருக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? தாங்கள் ஒரு கட்டத்தில், நான் ஒரு கட்டத்தில், பிள்ளைகள் நடுக்கட்டத்தில். தாங்கள் “சாப்பிட்டாச்சா?” என்பீர்கள், நான் “ஆச்சு” என்பேன், அதற்குள் என் மகள் ஜெரூஷா, “அப்பா, மியூட்ல போடுங்க, உங்க ஃபேன் சத்தம்தான் கேக்குது” என்பாள். அதன் பிறகு நாம் இருவரும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்போம். ஆகவேதான் கடிதம்.

விஷயம் இதுதான். தங்கள் பெயரைத் தங்களைக் கேட்காமல் ஒரு காரியத்தில் இழுத்துவிட்டேன். பயப்பட வேண்டாம், கையெழுத்து எதுவும் போடவில்லை. ஆனால் பல்லாவரத்திலிருந்து கோவளம் வரைக்கும் தாங்கள் இப்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கரைகண்ட நிபுணர்.

தாங்கள் அறிந்தபடி நான் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓட்டினேன் என்று பேர்தானே தவிர ஒரு நாளும் எதையும் திருப்பியதில்லை. தண்டவாளம் போகிற பக்கம் போவேன். முன்னால் ஓட்டுநர் அறையில் நான் ஒருத்தன், கடைசிப் பெட்டியில் கார்டு ஒருத்தர், நடுவில் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு வரும். கார்டு இரண்டு தடவை மணி அடித்தால் கிளம்ப வேண்டும். வேலை நேரத்தில் என்னிடம் பேசியது அந்த மணி ஒன்றுதான். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, கூரையை மடக்கிப்போடுகிற மாதிரி, இரண்டே இருக்கை உள்ளதாக வாங்கி, பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இஷ்டப்பட்ட இடத்தில் திருப்ப வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. ஹெப்சியிடம் சொன்னபோது, “ரெண்டு சீட்டுல காய்கறிப் பையை எங்க வைப்பீங்க?” என்று கேட்டுவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள். பெருங்களத்தூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே ஸ்டியரிங்கைப் பிடுங்கி, “சார், வளைவு வந்தா நீங்கதான் திருப்பணும், ரோடு திருப்பாது” என்றார். பழக்க தோஷம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது, அடியில் துரு இருக்கிறதா, புகை என்ன நிறம், உதிரிப்பாகம் கிடைக்குமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். அவரிடம் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன். நான் பார்த்த கார்களின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். வயதானவர்களைப் பற்றிப் புறங்கூறுவது எனக்குப் பிடிக்காது.

முதலில் அஸ்தினாபுரம். ஷ்யாம்சுந்தர் என்ற பிள்ளை, சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, மஞ்சள் நிறக் கார். “அங்கிள், பழசுதான், ஆனா பக்கா ரிலையபிள். சாவி போட்டா உடனே ஸ்டார்ட் ஆகும்” என்றார். உண்மைதான், உடனே ஸ்டார்ட் ஆனது. நிற்கத்தான் மறுத்தது. சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் அது பாட்டுக்குக் குலுங்கி இருமிக்கொண்டிருந்தது. அதற்கு மனசு வந்து நிற்கும்வரை நாங்கள் இருவரும் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அந்த இடைவெளியில்தான் அந்தப் பிள்ளை கேட்டார், “அங்கிள், நீங்க மட்டும்தான் வந்தீங்களா? ஃபேமிலி பாக்க வேணாமா?” என்று.

தங்களுக்குத் தெரியாததா? நம்முடைய ஜனங்கள் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கப் போனாலே மச்சான், மாமனார், கைக்குழந்தை என்று வேன் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். ஒருத்தர் விலை பேச, ஒருத்தர் குறை சொல்ல, ஒருத்தர் கலர் பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள. ஒண்டியாகப் போய் நிற்கிறவனைப் பார்த்தால், ஒன்று புரோக்கராக இருக்க வேண்டும், இல்லை வீட்டில் துரத்திவிட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. “என் சம்பந்தி வந்து பார்க்கணும் தம்பி. அவர் சரின்னாதான்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் நாற்காலி வந்தது, காபி வந்தது. “உங்க சம்பந்தி கார் லைன்ல இருக்காரா அங்கிள்?” என்றார். “அதிலேயே ஊறினவர்” என்றேன். ஆட்டோவில் ஏறினால் இறங்கும்வரை கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற தங்களைப் பற்றி இப்படிச் சொன்னதற்குத் தாங்கள்தான் மன்னிக்க வேண்டும்.

அடுத்தது கோவளம். ஒரு பங்களாக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது, வீட்டுக்குத் தினம் மீன் கொண்டுவந்து கொடுத்த பொன்னி என்ற அம்மாவிடம் தன் காரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளைக் கார், கடற்கரை மணலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. உள்ளே ஏறி உட்கார்ந்து காலை நீட்டினேன், செருப்பு மணலைத் தொட்டது. “என்னம்மா, அடியில ஓட்டை இருக்கே?” என்றேன். “அது இன்னா சார் ஓட்டை, காத்தோட்டம். கூரைய மடக்குனா மேல காத்து, கீழ எப்பவும் காத்து” என்றது அந்த அம்மா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “இன்னா சார், ஒண்டியா வந்துகீற? வூட்ல யாரும் இல்லியா?” என்று கேட்டது. உப்புக் காற்று காரைத் தின்றிருந்ததைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகமாகத் தின்றது. தங்களைச் சொன்னேன். “அந்தாளுக்கு வஞ்சிரம் புடிக்குமா?” என்று கேட்டு இரண்டு பெரிய துண்டு கட்டிக் கொடுத்தது. தங்கள் பங்கையும் நானே வறுத்துத் தின்றேன். நன்றாயிருந்தது.

கடைசியாகப் பல்லாவரம் ஹனீஃபா பாய். தோல் வியாபாரம் செய்தவர், முழங்கால் மடங்காததால் தாழ்ந்த காரில் ஏற முடியாமல் விற்கிறார். பச்சைக் கார். துரு இல்லை, புகை இல்லை, உதிரிப்பாகங்களை ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறார். விலையும் என் கைக்கு எட்டுகிற விலைதான். அதுதான் சங்கடமாகிவிட்டது. பாயும் அவர் வீட்டம்மா ஜஹீராவும் வந்தவனை லேசில் அனுப்புகிறவர்கள் இல்லை. டீ வரும், சமோசா வரும், பாய் பேச ஆரம்பித்தால் அஸர் தொழுகைக்குத்தான் நிறுத்துவார். நான் ரயிலில் ஒண்டியாக உட்கார்ந்திருந்த கதையை இதுவரைக்கும் முழுசாகக் கேட்ட ஒரே மனுஷர் அவர்தான். காரை வாங்கிவிட்டால் அந்த வீட்டுக்கு அப்புறம் எதைச் சொல்லிக்கொண்டு போவது? ஆகவே போகும்போதெல்லாம் தங்கள் பெயரால் ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோனேன். சம்பந்தி ஹாரன் சத்தத்தைக் கேட்டுவரச் சொன்னார் என்றேன். சம்பந்தி இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் சாத்திப்பார்க்கச் சொன்னார் என்றேன். மழையில் வைப்பர் வேலை செய்கிறதா என்று சம்பந்தி கேட்டார் என்று சொல்லி, வெயில் கொளுத்துகிற மாதத்தில் அவர்கள் வராந்தாவில் மழைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பாய் அசந்துபோனார். “லெதர்ல நான் பாக்காத ஆளு இல்ல சார். ஆனா உங்க சம்பந்தி மாதிரி விவரமான ஆளப் பாத்ததில்ல. எப்பத்தான் வர்றாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் ஜஹீரா அம்மா, “ஞாயித்துக்கெழம அவரக் கூட்டிட்டு வந்துருங்க, சாப்பாடு இங்கதான்” என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் மட்டும் போய் நின்றேன். ரயில் ரொம்ப லேட், நடுவழியில் நிற்கிறது என்றேன். ரயில்வே மேல் பழி போடுவது எனக்கு இதுவே முதல் தடவை, மனசு உறுத்தியது. மேஜையில் எனக்குப் பக்கத்தில் தங்களுக்கும் தட்டு வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை அதை எடுக்கவேயில்லை. கிளம்பும்போது, “பாவம், ரயில்ல என்னத்த சாப்பிட்டிருப்பாரு, இத அவருக்குக் குடுங்க” என்று ஒரு டப்பா பிரியாணி கட்டிக் கொடுத்தார்கள். சாயங்காலம் கனடாவிலிருந்து போன் வந்தபோது அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாங்கள் தங்கள் கட்டத்திலிருந்து “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டீர்கள். தங்கள் சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு “ஆச்சு” என்றேன். தாங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. நினைத்துப்பார்த்தால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போது பாய் பொறுமையிழந்து, நானே உங்கள் சம்பந்தியிடம் பேசிக்கொள்கிறேன் என்று தங்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எந்த நேரமும் தங்களுக்குப் போன் வரும். தயவுசெய்து பதறாமல் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்.” அதற்குமேல் கேட்டால் இருமிவிட்டு வைத்துவிடுங்கள், நிபுணர்கள் அப்படித்தான் செய்வார்கள். வேண்டவே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அப்படிச் சொன்னால் என் காபி, டீ, சமோசா எல்லாம் அதோடு போய்விடும். சரி என்றும் சொல்ல வேண்டாம், சொன்னாலும் அதே கதிதான்.

தாங்கள் நேரில் புறப்பட்டு வர வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. விசேஷம் எதுவும் இல்லாமல் பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியை வா என்று அழைப்பது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். தவிரவும் வீட்டில் வசதி போதாது. ஏரிப் பக்கத்திலிருந்து கொசு வரும். என் சமையலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இங்கே பொழுது போதவில்லை, அவ்வளவு வேலை. தனியாக இருப்பது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஹெப்சிக்குத் தெரிந்தால் கண்டம் தாண்டி வந்து திட்டுவாள். திட்டினாலாவது பரவாயில்லை, வரட்டும் என்று தோன்றுகிற நாளும் உண்டு.

சபையாருக்கும் அங்கே என்னைத் தெரிந்த எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லவும். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஜெபம் பண்ணும்போது இந்தப் பக்கமும் ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள் தாழ்மையுள்ள,
துரைராஜ்

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதினதில் கடைசிப் பகுதியை நம்பாமல் விட்டுவிடுங்கள் அண்ணாச்சி. பாயிடம் உங்கள் நம்பரை நான் கொடுக்கவில்லை, யாரும் கூப்பிட மாட்டார்கள். பச்சைக் கார் போன வியாழக்கிழமையே என் வாசலுக்கு வந்துவிட்டது. வேறு ஒருத்தர் தன் மனைவி, மச்சானோடு வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பாய் சொன்னார். பயந்துபோய், “சம்பந்தி சரின்னுட்டார்” என்று சொல்லிவிட்டேன். கூரையை மடக்கிப்போட்டுப் பல்லாவரத்திலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். திரும்ப வேண்டாத தெருவிலெல்லாம் திரும்பினேன். நன்றாக இருந்தது, ரொம்ப நன்றாக இருந்தது. ஏரிக்கரை ஓரமாக வரும்போது, “எப்படி, பாத்தீங்களா?” என்று இடது பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன். அங்கே யாரும் இல்லை. அதற்கப்புறம் வண்டியை எடுக்க மனசு வரவில்லை, போர்வை போட்டு மூடிவைத்திருக்கிறேன். விசேஷம் ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் வாங்க. உங்கள் ஊரிலேயே ஏறினால் வண்டி மாற வேண்டாம், நேராகத் தாம்பரம். எழும்பூர் வரைக்கும் போய்விடாமல் இங்கேயே இறங்கிவிடுங்கள், நான் வெளியே நிற்பேன். ஒரு வாரம் என்று சொல்லிக்கொண்டு வாங்க. ஒரு மாதம் இருந்தாலும் ஏன் என்று கேட்க இரண்டு வீட்டிலும் ஆள் கிடையாது.