நாலு பேட்டரிப் பாட்டு

மின்சாரம் போனால் முகம் மலரும் மனிதர், யாங்கூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரே ஒருவர்தான் கிடைத்திருப்பார். அவர் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் குடியிருந்தது எங்கள் தலையெழுத்து. மின்விசிறி நின்று, டிவி அணைந்து, எங்கள் பபேடான் பேட்டை மொத்தமும் "மீ போச்சு" என்று பெருமூச்சு விடும் நேரத்தில் அவர் பால்கனிக்கு வந்து, "அப்பாடா, இப்பத்தான் நம்ம சத்தம் தெளிவாக் கேக்கும்" என்பார். பர்மிய மொழியில் மீ என்றால் நெருப்பு. எங்கள் தமிழில் கரண்டுக்கும் அதுவே பெயர்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. வேறு எங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை. தெருவுக்கு அவர் கோ கீச்சு. "கோ" என்பது பர்மாவில் அண்ணன் வயதுக்காரர்களுக்குப் போடும் மரியாதை. "கீச்சு" நாங்களாகப் பார்த்துச் சேர்த்தது. மரியாதைக்கும் குறைவில்லை, எங்கள் மனசுக்கும் திருப்தி.

பகலில் அவர் ஹாஜியாரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். கடையின் ஒரு பக்கத்தில் கைக்கடிகார விற்பனையும் உண்டு. முப்பதைத் தாண்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்ற கவலையும் இல்லை. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் ஒருமுறை ஊர் திரும்பியபோது, பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிச் செங்கல் அளவு, பச்சைத் திரை, நாலு பேட்டரிக் கட்டை. அதன் முதுகில் செருகும் அட்டையில்தான் விஷயமே இருந்தது. விளையாட்டுக்குப் பதிலாக அதில் பாட்டுக் கட்டும் ஏற்பாடு. ஆர்மோனியத்தில் ஒரு விரல் வைத்தால் வருகிற சுரத்துக்கு இதில் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்து இன்னொன்றைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே நேரத்தில் நாலு சத்தம்தான் வரும். அந்த நாலிலும் ஒன்று வெறும் இரைச்சல். அட்டையில் இடமோ ஒரே ஒரு பாட்டுக்குத்தான்.

வெளிநாடுகளில் இதை ஒரு கலையாகவே வளர்க்கிறார்கள் என்று மச்சான் சொல்லியிருந்தார். எங்கள் கட்டடத்தில் அதை எலி என்று நினைத்தார்கள். முதலில் கண்டுபிடித்தவர் டாவ் மியின்ட். தெருமுனையில் மோஹிங்கா விற்கும் அம்மாள், மீன்சாறு ஊற்றிய அரிசிச் சேவையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பர்மாக்காரர் என்றாலும் எங்களோடு பழகிப் பழகித் தமிழிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறியவர். எலி வந்துவிட்டது என்று அவர் சொன்னதும் எல்லா வீட்டிலும் பொறி வைத்தோம். பொறிக்குள் கருவாடு வைத்தோம். டாவ் மியின்ட் ஒரு பூனையையே கொண்டுவந்து படிக்கட்டில் விட்டார். பூனை நேராக மூன்றாம் மாடி ஏறி, கோ கீச்சுவின் கதவு முன்னால் உட்கார்ந்து, காதை விறைத்துக்கொண்டு தவம் கிடந்தது. உண்மை தெரிந்ததும் டாவ் மியின்ட் கையில் கரண்டியோடு படியேறிப் போய், எலியாக இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தார். கோ கீச்சுவுக்கு அதில் துளி வருத்தம் இல்லை. பூனை பாதியில் எழுந்து போகவில்லை என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பெட்டி பேட்டரியைச் சோறு போலத் தின்றது. சந்தையில் கிடைக்கும் மலிவுக் கட்டைகள் ஒரு பல்லவியைத் தாண்டுவதற்குள் உயிரை விட்டன. செத்த கட்டைகளை அவர் பல்லால் கடித்துப் பார்ப்பார். பிறகு பால்கனியில் வற்றல் காயப்போடுவது போல வரிசையாக வெயிலில் வைப்பார். ஒருமுறை காக்கை ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதுவும் போதாதபோது அவர் பார்வை எங்கள் சுவர்க் கடிகாரங்கள் மேல் விழுந்தது. "கடியாரம் கொஞ்சம் பின்னால போவுதே. பாத்துத் தர்றேன் நோ" என்று குழைவார். பர்மியர்கள் பேச்சுக்குப் பேச்சு சேர்க்கும் அந்த "நோ"வில் யாரும் மயங்கிவிடுவார்கள். போதாக்குறைக்குக் கடிகாரக் கடையில் வேலை செய்கிற மனிதர். நல்ல கட்டை அவர் பெட்டிக்குப் போகும், வெயிலில் காய்ந்த கட்டை கடிகாரத்துக்கு வரும். கொஞ்ச நாளில் எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒரு நேரம் ஓடத் தொடங்கியது. எங்கள் வீட்டில் காலை எட்டு மணி என்றால் மேல்வீட்டில் ஏழரை, எதிர்வீட்டில் நேற்று. என் அம்மா கடிகாரத்தை நம்புவதை விட்டுவிட்டு, பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டுத்தான் உலை வைத்தார்.

கடையிலும் இதே கூத்துதான். கண் பரிசோதிக்கும் அட்டையில் பர்மிய எழுத்துகள் வட்டம் வட்டமாக இருக்கும். வாடிக்கையாளர் அதைப் படிக்கப் படிக்க கோ கீச்சு மேசையில் விரலால் தாளம் போடுவார். இன்சீனிலிருந்து சுற்று ரயில் பிடித்து வந்த ஒரு பெரியவரைக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்ல, அவர் பயந்துபோய், பார்வை போய்விட்டதா என்று கேட்டுவிட்டார். "கண்ணு சுத்தமா இருக்குங்க. நீங்க படிக்கிற நடை நல்லாருக்கு, அதான்" என்றார் கோ கீச்சு. கல்லாவில் இருந்த ஹாஜியார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்து, ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். முதலில் காதுக்குள் எறும்பு புகுந்தது போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாலு சத்தமும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. ஒன்று ஓட, ஒன்று மடக்க, ஒன்று அடியில் உறும, அந்த இரைச்சல் தாளமாக மாறியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதோடு பேட்டரி போய்விட்டது.

"எத்தனையோ பேர்ட்ட போட்டுக் காட்டிட்டேன் தம்பி. எல்லாம் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்" என்றார். "ஆனா இது ஆடுறதுக்குக் கட்டுன பாட்டு. ஒரே ஒருத்தர் எந்திரிச்சு ஆடிட்டாப் போதும் எனக்கு."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தின்ஜான் என்கிற தண்ணீர்த் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் வருஷா வருஷம் மேடை போடுவோம். புத்தாண்டு பிறக்கும்வரை ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆடும். மேடைக்குப் பொறுப்பு எதிர்வரிசை டீக்கடை கோ சோ. நான் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாட்டுக்கு இடம் வாங்கினேன். கூட்டம் ஆட்டத்தை நிறுத்தினால் வயரைப் பிடுங்கிவிடுவேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கோ கீச்சு அந்த வருஷம் முழுக்க அந்த ஒரே பாட்டை இழைத்து இழைத்துக் கட்டினார்.

திருவிழாவும் வந்தது. அவர் வாசிக்க வேண்டிய நாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் பெட்டி, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அட்டைக்குள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டாம். பெட்டியை அணைத்தாலும் பாட்டு அழியாமல் காப்பது அதுதானாம். "கடை மீட்டர வச்சுப் பாத்தேன். முள்ளு அசையவே மாட்டேங்குது. இப்ப இதை அமத்துனா பாட்டு போயிரும்" என்றார். எங்காவது எழுதி வைக்கக்கூடாதா என்று கேட்டேன். எல்லாம் விரலில்தான் இருக்கிறது, ஒரு வருஷத்து வேலையை மத்தியானத்துக்குள் திரும்பப் போட முடியுமா என்று கேட்டார். ஒரே வழி, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பொத்தானைக் கழற்றிவிட்டுப் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைப்பது.

எங்கள் வரிசையில் கரண்ட் இல்லை. எதிர்வரிசையில் இருந்தது. இரண்டு குடைகளைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி, தண்ணீர் பறக்கும் தெருவைக் கடந்து கோ சோவின் டீக்கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். விஷயம் கேள்விப்பட்டு ஹாஜியார் பூட்டிய கடையைத் திறந்து, புதுப் பொத்தான் பேட்டரியையும் மூக்குக்கண்ணாடித் திருப்புளியையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். தினமும் தலையில் அடித்துக்கொள்ளும் மனிதர் குந்தி உட்கார்ந்து பூதக்கண்ணாடி பிடித்தார். சால்டரிங் கம்பி சூடேறியது. பழைய பொத்தான் கழன்றது. அப்போது பார்த்து எதிர்வரிசையிலும் மீ போயிற்று.

ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன கோ சோ இன்னும் திரும்பவில்லை. பாட்டின் உயிர் இப்போது பெட்டியின் நாலு கட்டைகளில்தான் இருந்தது. சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கரண்ட் போனதற்காக கோ கீச்சு கண் கலங்கினார்.

நான் எங்கள் மாடிகளைப் பார்த்துக் கத்தினேன். யாங்கூன் வீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப்பு இருக்கும். பேப்பரும் காய்கறியும் அதில்தான் மேலே ஏறும். அன்று எல்லாக் கயிற்றிலும் பேட்டரிக் கட்டைகள் பொட்டலமாகக் கீழே இறங்கின. முதல் பொட்டலம் என் அம்மாவுடையது. நான் அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். கோ கீச்சு ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது நான் கடிச்ச கட்டை, இதும் நான் கடிச்சது" என்று பாதியை ஒதுக்கினார். மிச்சத்தில் நாலைச் சேர்த்துக் கட்டி, கம்பி வைத்துப் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் கொடுத்தார். விளக்கு மறுபடி பிரகாசமானது.

அடுத்து சூடு வேண்டும். டாவ் மியின்ட் திருவிழாவுக்காக இலவச மோஹிங்கா காய்ச்சிக்கொண்டிருந்தார். அத்தனை நேரம் எங்களை முறைத்துப் பார்த்தவர் அண்டாவை இறக்கிவைத்தார். சால்டரிங் கம்பியை வாங்கி நுனியைக் கரி அடுப்பில் செருகி, சிவந்ததும் துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கோ கீச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அந்த நேரத்தில்தான் வண்டி வந்தது. திறந்த வண்டி நிறைய வாலிபர்கள், வாளி வாளியாகத் தண்ணீர். தின்ஜானில் யார் ஊற்றினாலும் கோபப்படக் கூடாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பிக்குகளையும் கர்ப்பிணிகளையும் மட்டும்தான் விட்டுவிடுவார்கள். கோ கீச்சுவைப் பிக்கு என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. டாவ் மியின்ட் ஒரு போர்வையை எடுத்து அவரைத் தலையோடு மூடினார். கரண்டியை நீட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஊத்தாதீங்க. பிள்ளத்தாச்சி. வலி எடுத்துருச்சு" என்று பர்மிய மொழியில் அதட்டினார்.

வாலிபர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். போர்வைக்குள் கொதிக்கும் கம்பி கோ கீச்சுவின் முழங்காலில் பட்டிருக்கவேண்டும். "உம்மாஆ" என்று பெற்றவளைக் கூப்பிட்டுத் தெருவே அதிர ஓர் அலறல் எழுந்தது. எந்தத் தாயும் அதைவிட உண்மையாக அலறியிருக்க முடியாது. வாளிகள் இறங்கின. வண்டி சத்தமில்லாமல் ஊர்ந்தது. ஒரு பையன் மட்டும் இறங்கி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்று அக்கறையாகக் கேட்டான். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே, வேண்டாம் தம்பி, தலை தெரிகிறது என்று சொல்லிவிட்டார்.

போர்வை விலகியது. லுங்கியில் ஓட்டை, முழங்காலில் கொப்புளம், முகம் முழுக்க வேர்வை. கோ கீச்சு பெட்டியை அணைத்தார். மறுபடி போட்டார்.

"இருக்கு" என்றார்.

மத்தியானம் ஜெனரேட்டர் ஓடியது. கோ கீச்சு மேடையேறி, இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் இத்தனூண்டு பெட்டியோடு நின்று பொத்தானை அமுக்கினார். கீச்சென்று ஆரம்பித்ததும் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. சிலர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று அண்ணாந்து பார்த்தார்கள். சிரிப்பு கிளம்பியது. கோ சோவின் கை வயருக்குப் போனது. கோ கீச்சு யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அண்டாவுக்குப் பின்னாலிருந்து டாவ் மியின்ட் வந்தார். கரண்டியை ஹாஜியார் கையில் கொடுத்தார். மணிக்கட்டை மடக்கி, முழங்காலைத் தாழ்த்தி, பர்மியப் பெண்கள் ஆடுகிற ஆட்டத்தை அந்தக் கீச்சுக்கு ஆடத் தொடங்கினார். பொருந்தியது என்பதுதான் ஆச்சரியம். அடுத்து என் அம்மா பால்கனியில் கை தட்டினார். கோ சோ வயரை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைக் கூட்டத்தின் மேல் திருப்பினார். அப்புறம் யார் ஆடவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள், அதற்கப்புறம் இன்னொரு தடவை. கோ கீச்சு கண்ணைத் திறந்து பார்த்தபோது தெருவே தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது. அவர் அழுதாரா என்று கேட்டால், தின்ஜானில் எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருக்கும்.

புத்தாண்டு அன்று காலை நான் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். பாட்டை நிதானமாக ஒரு தடவை கேட்கவேண்டும் என்று ஆசை. அவர் பால்கனியில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார். வேறு ஏதோ சத்தம் வந்தது.

"அந்தப் பாட்டப் போடுங்களேன்."

"அழிச்சிட்டேன் தம்பி."

அதைக் காப்பாற்ற எத்தனை பேர் தெருவில் நின்றோம் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு பாட்டுக்குத்தான எடம் இருக்கு. புதுசு கட்டணும்ல" என்றார். "அதான் எல்லாரும் ஆடியாச்சே. இனிமே அத நான் எதுக்கு வச்சிருக்கணும்?"

கோபத்தோடு படியிறங்கினேன். இப்படியும் ஒரு மனிதர் எங்கள் தெருவில் இருக்கிறாரே என்ற சந்தோஷம் பாதிப் படியிலேயே கோபத்தை முந்திக்கொண்டது. கீழே டாவ் மியின்ட் அடுப்பை விசிறிக்கொண்டே அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடம் அவருக்கு மறந்துபோய் நின்றுவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.