தணிக்கையரும் ஒரு மரண அறிவித்தலும்

ரொறன்ரோவில் அச்சாகும் தமிழைத் தனியொருவராகக் கட்டிக் காத்தவர் எங்கள் தணிக்கையர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அதையும் மிகையென்று அவரே வெட்டியிருப்பார் என்பது எங்கள் நம்பிக்கை.

டோர்செட் பார்க்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகம். நான் பக்கம் வடிவமைப்பேன். அவர் சிவப்புப் பேனையோடு காத்திருப்பார். ஒருமுறை பக்கத்துச் சிற்றூரான விட்பியிலிருந்து ஒருவர் மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு, ‘உலகமே வியக்கும் எங்கள் செல்லம்’ என்று வாழ்த்து அனுப்பினார். அச்சில் வந்தது, ‘விட்பி வியக்கும் எங்கள் செல்லம்’. தகப்பன் தொலைபேசியில் சீறினார்.

“ஏன் ஐயா உலகத்தை எடுத்தனீங்கள்?”

“உலகத்துக்கு உங்கட பிள்ளையைத் தெரியாது. விட்பியில நாலு பேருக்காவது தெரியும்தானே?”

தணிக்கை என்ற சொல்லை அவர் எங்கும் செலவழிப்பார். அறை வெக்கையாக இருந்தால், “ஹீட்டரைத் தணிக்கை செய்யும், ஐசே” என்பார். சங்கக் கூட்டத்தில் தலைவர் கத்தியபோது எழுந்து நின்று, “குரலுக்குத் தணிக்கை தேவை” என்றார். அதற்குப் பிறகு அந்தச் சங்கம் எங்களை அழைக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த என் நண்பரிடம், “இவர்தான் எங்கட தணிக்கையர்” என்றேன். நண்பர் பவ்யமாகக் கைகுலுக்கி, “சார், இங்க கடை போட்டா வரி எப்படி சார்?” என்று கேட்டார். சென்னையில் கணக்குச் சரிபார்ப்பதற்கும் அதே சொல்தான் என்று நான் தணிக்கையருக்கு விளக்கினேன்.

தணிக்கையர் நெற்றியைத் தடவினார். “அப்ப அங்க கணக்கும் கொதிக்குது போல.”

போன மாசி மாதம் யூனியன்வில்லில் இருந்து ஒருவர் வந்தார். அவருடைய தாயார் இறந்துவிட்டார். தகப்பனாருக்கு முன்பு நாங்கள் போட்ட மரண அறிவித்தல் கணினியில் இருந்தது.

“அதே மாதிரிப் போடுங்கோ. அண்ணன்ர பேரை மட்டும் தணிக்கை செய்துவிடுங்கோ. அவரோட எங்களுக்குக் கதை பேச்சில்லை.”

தணிக்கையர் பேனையை மூடி வைத்தார்.

“தணிக்கிறதெண்டால் கொதிக்கிறதை ஆறவிடுறது, தம்பி. இருக்கிற ஆளை இல்லாமல் ஆக்குறதுக்கு அந்தச் சொல் இல்லை.”

“பத்திரிகையில வெட்டுறதைத்தானே நான் சொல்லுறன்?”

“ஓம், அப்படித்தான் எல்லாரும் சொல்லுகினம். ஊரில நான் வேலை செய்த பத்திரிகையில ஒரு பெடியன் செத்த செய்தியை அதிகாரியள் எடுத்துப்போட்டாங்கள். அந்த இடம் வெள்ளையாவே அச்சாகி வந்தது. பெடியன்ர தாய் பத்திரிகைக் கந்தோருக்கு வந்து, ‘என்ர பிள்ளை எங்க?’ எண்டு அந்த வெள்ளையைத் தடவிப் பாத்தா. உங்கட அம்மா பெத்த பிள்ளையை நான் எடுக்கமாட்டன். வேற பேப்பரில போடுங்கோ.”

வந்தவர் எழுந்து கதவுவரை போனார். கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்: “சரி. கடைசியாப் போடுங்கோ.”

“மூத்த பிள்ளை முதல்லதான் வரும்” என்றார் தணிக்கையர்.

வந்தவர் கதவைத் திறந்து வெளியே போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே அச்சானது.

இறுதிச் சடங்குக்கு நானும் தணிக்கையரும் போனோம். அண்ணன் வந்திருந்தார். பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்துத்தான் வந்தாராம். பின்வரிசையில் குளிருடுப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். தம்பி பார்த்தார். தன் பக்கத்துக் கதிரையில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். சற்று நேரம் கழித்து அண்ணன் வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தார்.

வெளியே பனி கொட்டியது. தணிக்கையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக என் காரில் அவரை பஸ் தரிப்புவரை கொண்டுபோய் இறக்கிவிடுவேன். அன்று தரிப்பு வந்ததும், “இதில விடுமன்” என்றார்.

காதில் விழாதது போல ஓட்டி, அவருடைய வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டேன்.