நூற்று நாற்பத்தேழு நன்றிகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே ‘ரத்தக் குடை’ என்ற திரைப்படம் எடுக்கப்பட்டது. சண்டைக் கலையும் பழிவாங்கலும் சரிபாதி கலந்த இந்தக் காவியத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்று சில அற்பர்கள் முணுமுணுத்தார்கள். புதிதாக எதுவும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான்கு வருஷம் ராப்பகலாக உழைத்ததாக இயக்குநரே பத்திரிகையாளர் கூட்டத்தில் விளக்கமளித்து அவர்கள் வாயை அடைத்தார்.

கதை எளியது. ஒரு சண்டைப் பள்ளி. அதைக் கட்டி எழுப்பிய குருவின் பெயரை ஏழு சீடர்கள் சேர்ந்து வாசல் பலகையிலிருந்து சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். குரு மனமொடிந்து செத்துப்போகிறார். அவர் மகள் ஒரு சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, ஏழு பேரையும் ஏழு ஊர்களில் ஏழு பாணிகளில் தீர்த்துக்கட்டுகிறாள். உழைத்தவன் பெயரை அழிப்பதைப் போன்ற பாதகம் வேறில்லை என்ற இடம் வரும்போது இயக்குநருக்குக் கண் கலங்கும். கதை சொன்ன இடத்திலெல்லாம் கலங்கியது. தயாரிப்பாளரிடம் சொன்னபோது இரண்டு முறை கலங்கியது.

அந்தக் குடையோடு மாடியிலிருந்து குதித்து, கண்ணாடியை உடைத்து, படிக்கட்டில் உருண்டது கதாநாயகி அல்ல, டூப் அக்கா.

டூப் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்காக விழுந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது அவர் பிழைப்பு, விழுவது இவள் பிழைப்பு என்பதால் அந்த வீட்டில் ஒரு சமநிலை நிலவியது. மகள் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ‘விழுதல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பாசிரியை அக்காவைக் கூப்பிட்டு அனுப்பி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தனியாக விசாரித்தார்.

பிரச்சினை வலது முட்டியில் இருந்தது. படியேறினால் அது பழைய கதவு மாதிரி சத்தம் போட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வேறு வேலை தேடிக்கொள்ளச் சொன்னார். வேறு வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. சண்டைக் கலைஞர்கள் சங்கத்தின் விதிப்படி, பத்துப் படங்களில், திரையில் ஓடும் எழுத்தில் பெயர் வந்தவருக்குப் ‘பயிற்சியாளர்’ கார்டு கிடைக்கும். கார்டு கையில் வந்துவிட்டால் தரையில் நின்றபடி, எப்படி விழ வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அக்காவின் பெயர் இதுவரை ஒன்பது படங்களில் வந்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒன்பது என்பது டூப்புகள் வட்டாரத்தில் பொறாமைப்படத்தக்க சாதனை.

ஆகவே ‘ரத்தக் குடை’க்கு ஒப்புக்கொண்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எழுத்தில் பெயர் வர வேண்டும். இணை இயக்குநர் தன் கனமான ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, “அதெல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா” என்றார். சினிமாவில் இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நரைத்த தலைகள் எத்தனையோ.

அந்த ஃபைலைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். அதன் பெயர் ‘மரியாதைப் பட்டியல்’. படத்தின் ஒவ்வொரு காட்சியும் எந்தப் பழைய படவகைக்குச் செலுத்தும் மரியாதை என்று அதில் தேதிவாரியாகப் பதிவாகியிருந்தது. முதல் சண்டை பனியில்: வாள் படங்களுக்கு மரியாதை. இரண்டாவதில் இருவர் நான்கு நிமிடம் ஒருவரையொருவர் முறைப்பார்கள், காற்று மட்டும் அடிக்கும்: கவ்பாய் படங்களுக்கு மரியாதை. மூன்றாவதில் வெள்ளைத் தாடிக் கிழவர் தாடியை நீவிக்கொண்டே ஒருவனைக் கூரை மேல் தூக்கி எறிவார்: குங்ஃபூ படங்களுக்கு மரியாதை. நான்காவதில் ரத்தம் குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சும்: அது எல்லோருக்கும் பொது மரியாதை. சொல்லாமல் எடுத்தால் திருட்டு, சொல்லிவிட்டு எடுத்தால் மரியாதை என்பது இயக்குநரின் கொள்கை. “இதை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே” என்று யாராவது சொல்லிவிட்டால் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்.

ஆனால் பழைய படங்களின் நல்லதை மட்டும் எடுப்பது சுயநலம் அல்லவா? அவற்றின் குறைகளையும் கௌரவிக்க வேண்டும் என்று முடிவாகி, இயக்குநர் தலைமையில் ஒளிப்பதிவாளர், ஒலிப்பொறியாளர், படத்தொகுப்பாளர் ஆகிய மூவரைக் கொண்ட ‘குறைபாட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. உலகத்திலேயே துல்லியமான கேமராவை வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்தார்கள். பிறகு அதில் கோடும் கீறலும் விழச் செய்ய பதினொரு பேரை வேலைக்கு வைத்தார்கள். கதாநாயகி உதடும் குரலும் பிசகாமல் வசனம் பேசித் தொலைத்துவிட்டதால், வாய் மூடிய பிறகு குரல் வரும்படி அவளை மறுபடி பேசச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. இயக்குநர் அரை நொடி என்றார். ஒலிப்பொறியாளர் முக்கால் நொடிக்குக் குறைந்தால் மனசாட்சி உறுத்தும் என்றார். தேநீர் இரண்டு முறை வந்து ஆறிப்போனது. கடைசியில் கைதூக்கி வாக்கெடுத்தார்கள்.

இப்படி ஆராய்ந்து வரும்போதுதான் குறைகளுக்கெல்லாம் தலையாய குறை இயக்குநரின் கண்ணில் பட்டது. அந்தக் காலத்துச் சண்டைப் படங்களில் கதாநாயகி கூரையிலிருந்து குதிக்கும்போது, ஒரே ஒரு நொடி, விக் நழுவி டூப்பின் முகம் தெரிந்துவிடும். சில படங்களில் மீசையும் தெரியும். “அந்த ஒரு நொடிதான் சினிமாவோட ஆன்மா” என்றார் இயக்குநர். உச்சக்கட்டத்தில் கதாநாயகி மூன்றாவது மாடியிலிருந்து குதிக்கும்போது டூப்பின் முகம் பளிச்சென்று தெரிந்தாக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

இணை இயக்குநர் ஓடி வந்து அக்காவிடம் சேதி சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள் என்பதுதான். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் நம்பாத மனிதர் அவர். அவரே, “முகமே வரும்போது பேரு வராமலா போகும்?” என்றார். அக்கா கண்ணாடி முன்னால் நின்று, விழும்போது வாயை மூடிக்கொள்வதா, திறந்து வைப்பதா என்று பார்த்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் மறைக்கவும் தோன்றவில்லை.

இந்தச் செய்தி கதாநாயகியின் காதுக்கும் எட்டியது. படம் வந்தால் நாலு பேர் பேசப்போவது அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தன் படத்தின் மிக முக்கியமான நொடியில் வேறு ஒருத்தி முகம் வருவதை அவள் கலைக்குச் செய்யும் துரோகமாகக் கருதினாள். குழு அவசரமாகக் கூடியது. மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்து, அனைவருக்கும் நியாயமான தீர்ப்பை வழங்கியது: டூப்பாகக் கதாநாயகியே நடிப்பார்.

வேடத்துக்குத் தயாராவதற்காகக் கதாநாயகி இரண்டு நாட்கள் அக்காவின் கூடவே இருந்தாள். அவள் எப்படி உட்காருகிறாள், எப்படிக் கட்டுப் போடுகிறாள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க முட்டியைத் தேய்ச்சுக்கும்போது மனசுக்குள்ள என்ன ஓடும்?”

“முட்டி வலிக்குதேன்னு ஓடும்மா.”

கதாநாயகி நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினாள். இவ்வளவு எளிமையாக ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று வியந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் காப்பீட்டுக்காரர் குறுக்கே வந்தார். மூன்றாவது மாடியிலிருந்து கதாநாயகி குதிக்கக் கூடாது, குதித்தால் அவர் பொறுப்பல்ல. முகத்தை மட்டும் தரையிலேயே தனியாகப் படம்பிடித்துக்கொள்ளலாம், ஆனால் குதிக்க ஆள் வேண்டும். ஆகையால் டூப்பாக நடிக்கும் கதாநாயகிக்கு ஒரு டூப் தேவைப்பட்டது. அக்காவைக் கூப்பிட்டு விட்டார்கள். நழுவிய விக்கைத் தலையில் ஒட்டி, நழுவாதபடி பன்னிரண்டு ஊசி குத்தினார்கள்.

“ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கம்மா. முகம் தெரியக் கூடாது” என்றார் இயக்குநர்.

“டூப்போட முகம் தெரியற ஷாட்டுதானே சார் இது?”

“ஆமா. ஆனா அது உங்க முகம் இல்லையே.”

அக்கா மாடியேறினாள். பத்தாவது பெயர் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆறு தடவை குதித்தாள். முதல் தடவை குடை விரியவில்லை. அடுத்த முறை காற்று திசை மாறியது. பிறகு நான்கு முறையும் அவள் அழகாக விழுந்துவிட்டாள். இவ்வளவு நன்றாக விழுந்தால் பழைய படம் மாதிரி இல்லையே என்று இயக்குநர் வருந்தினார். கொஞ்சம் தப்பாக விழ முடியுமா என்று பணிவோடு கேட்டார். ஏழாவது தடவை, காலை உதைத்துக் கிளம்பும்போதே முட்டி மடங்கிவிட்டது. அவள் பக்கவாட்டில் வந்து காற்றுமெத்தையின் விளிம்பில் மோதித் தரையில் விழுந்தாள்.

“அருமையான தப்பு” என்று இயக்குநர் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கணவர் வேலைச் சீருடையிலேயே மருத்துவமனைக்கு ஓடி வந்தார். முட்டியில் தகடு வைத்துத் தைத்தார்கள். இனி நடக்கலாம், விழ முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்கு அழுகை வந்தது. வலியால் அல்ல. இனி அடுத்த படம் என்று ஒன்று கிடையாது என்பதை அப்போதுதான் முழுதாக உணர்ந்தாள். கார்டு கிடைப்பதென்றால் இந்தப் படத்திலேயே கிடைத்தாக வேண்டும்.

முதல் காட்சிக்கு அவர்களுக்குக் கடைசி வரிசையில் இரண்டு இருக்கைகள் ஒதுக்கியிருந்தார்கள். அக்கா ஊன்றுகோலைக் காலுக்குக் கீழே படுக்க வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பனியில் சிவப்புக் குடை சுழல்வது கண்ணைவிட்டு அகலவில்லை. உச்சக்கட்டத்தில் விக் நழுவி ‘டூப்பின்’ முகம் தெரிந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கணவரும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மனைவியைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு எழுத்து ஓடத் தொடங்கியது. நூற்று நாற்பத்தேழு நன்றிகள். வாள் படங்களுக்கு நன்றி, அவற்றில் பெய்த பனிக்கு நன்றி. கவ்பாய் படங்களில் பறந்த தூசிக்கு நன்றி. இயக்குநர் சிறுவயதில் படம் பார்த்த கொட்டகையின் ஓடாத மின்விசிறிக்கு நன்றி. படப்பிடிப்பில் குறுக்கே ஓடிய நாய்க்கும் அதன் உரிமையாளருக்கும் தனித்தனியே நன்றி. அக்கா உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். கணவர் ஒரு வரியும் தப்பாமல் விரலால் தொடர்ந்தார். கடைசியில் திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஒரு வாசகம் மட்டும் மெல்ல மேலெழுந்தது:

‘நமக்காக விழுந்த, பெயர் தெரியாத டூப் கலைஞர்கள் அனைவருக்கும் இந்தப் படம் சமர்ப்பணம்.’

அரங்கம் விம்மியது. முன்வரிசையில் கதாநாயகியின் தோள் குலுங்கியது. விளக்குகள் எரிந்து, துடைப்பத்தோடு ஆள் வந்து காலைத் தூக்கச் சொல்லும்வரை அக்காவும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிக்கூடத்தில் விமர்சகர்களும் தயாரிப்பாளரும் கதாநாயகியும் இயக்குநரைச் சூழ்ந்து நின்றார்கள். இணை இயக்குநர் அக்காவைக் கண்டதும் ஃபைலுக்குப் பின்னால் போக முயன்றார். அவள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேராக இயக்குநர் முன்னால் போய் நின்றாள்.

“சார், என் பேரு வரலையே.”

இயக்குநர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “கடைசில வந்துச்சே, பாத்தீங்களா? அழாத ஆளு ஒருத்தர் உண்டா? பெயர் தெரியாதவங்களுக்குச் சமர்ப்பணம்னு போட்டுட்டு, அதுக்கு மேலயே உங்க பேரைப் போட்டா அந்த உணர்ச்சி என்ன ஆகும்? சொல்லுங்க. அந்தக் காலத்துல டூப்புக்குப் பேரு போட்டாங்களா? பாரம்பரியத்தை மீற நான் யாரும்மா?”

“கார்டுக்கு இந்த ஒரு பேருதான் சார் குறையுது. இனிமே என்னால விழ முடியாது.”

“கார்டு என்னம்மா கார்டு. உங்க பேரு இங்க இருக்கு.” இயக்குநர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கண் வழக்கம்போல் கலங்கியது. “சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்.”

“சொல்லுங்க சார்.”

“எதை?”

“என் பேரை.”

இயக்குநர் இணை இயக்குநரைப் பார்த்தார். இணை இயக்குநர் ஃபைலைப் பிரித்துப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். இரண்டு நாள் கூடவே இருந்து குறிப்பெடுத்த கதாநாயகி கைப்பைக்குள் எதையோ தேடினாள். தயாரிப்பாளருக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. விமர்சகர்கள் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எனவே ‘ரத்தக் குடை’யைக் குறை சொல்பவர்கள் இனி நாக்கை அடக்கிப் பேச வேண்டும். அந்தச் சமர்ப்பணத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. படம் எடுத்தவர்களுக்குப் பெயர் தெரியாதுதான்.